அலுவலக வலையமைப்பில் கார்ட்லெஸ் தொலைபேசி: வாசகர் கேள்வி – பதில்

ஆலை, மருத்துவமனை, பள்ளி, விடுதி போன்ற இடங்களில் நடமாடிக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு, அலுவலகத்தின் கணினி வலையமைப்போடு இணைந்து இயங்கும் கார்ட்லெஸ் தொலைபேசிகள் பெரிதும் பயன்படுகின்றன. டெக்ட் என்று அழைக்கப்படும் இந்த வகைத் தொலைபேசிகளை நிறுவுவது பற்றி வாசகர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனம் மூன்று தளங்களில் இயங்குகிறது, பின்புறம் துணிக் கிடங்கு இருக்கிறது. மேற்பார்வையாளர்கள் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்பதால் மேசை இன்டர்காம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. கிடங்குக்குள் செல்போன் சிக்னலும் கிடைப்பதில்லை. வைஃபை ஏற்கெனவே உள்ளது. வைஃபையில் இயங்கும் தொலைபேசி வாங்குவதா, டெக்ட் வாங்குவதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் தேவைக்கு டெக்ட்தான் பொருத்தம் என்பது என் கருத்து. வைஃபை முதலில் தரவுப் பரிமாற்றத்துக்காக உருவானது. ஒரே சானலை எல்லாக் கருவிகளும் போட்டியிட்டுப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு கோப்பு அரை விநாடி தாமதமாக வந்தால் யாரும் கவனிப்பதில்லை. பேச்சில் அரை விநாடி விடுபட்டால் ஒரு சொல்லே காணாமல் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சானல்கள் மூன்றே மூன்று. அதே பட்டையில்தான் புளூடூத் கருவிகளும் கேன்டீனில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன.

டெக்ட் முறையோ பேச்சை முன்னிறுத்தி வகுக்கப்பட்டது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிர்ணய நிறுவனம் 1992-இல் இந்தத் தரத்தை வெளியிட்டது. அங்கே 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை பத்து அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அலைவரிசையிலும் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 24 காலத்துண்டுகள் சுழன்று வருகின்றன. அவற்றில் 12 துண்டுகள், சுவரில் மாட்டும் அலைநிலையமான பேஸ் ஸ்டேஷனிலிருந்து, கையில் வைத்துப் பேசும் ஹேண்ட்செட்டுக்கும், மற்ற 12 ஹேண்ட்செட்டிலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கும் உரியவை. ஓர் அழைப்புக்கு ஒரு ஜோடித் துண்டு ஒதுக்கப்பட்டால், அழைப்பு முடியும்வரை அந்த இடத்துக்கு வேறு யாரும் போட்டிக்கு வருவதில்லை. மொத்தம் உள்ள 120 ஜோடிகளில் எது இரைச்சல் குறைந்தது என்று ஹேண்ட்செட்டே இடைவிடாமல் பார்த்து, தேவைப்பட்டால் பேச்சின் நடுவிலேயே மாறிக்கொள்வதால், வைஃபைக்குச் செய்வதுபோல் சானல் திட்டம் போட வேண்டிய அவசியமும் இல்லை.

அலுவலக வலையமைப்போடு இணைப்பது எளிது. பேஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு லேன் கேபிள், வலையமைப்புக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டிக்குப் போகிறது. மின்சாரமும் அதே கேபிள் வழியாகக் கிடைக்கும். பேஸ் ஸ்டேஷன் ஒவ்வொரு ஹேண்ட்செட்டையும் அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறைப்படி, கணினி வலையமைப்பு வழியாக இயங்கும் உங்கள் ஐ.பி. தொலைபேசி அமைப்பில் ஓர் எக்ஸ்டென்ஷனாகப் பதிவு செய்கிறது. தையல் பிரிவு மேற்பார்வையாளரின் எண் 204 என்றால், அவர் மூன்றாம் தளத்தில் இருந்தாலும் கிடங்கில் இருந்தாலும் அந்த எண்தான் ஒலிக்கும்.

ஒரே கருவியில் பார்கோடு படிப்பது, சரக்கிருப்பைப் பதிவு செய்வது, பேசுவது ஆகிய மூன்றும் வேண்டும் என்றால் மட்டும் வைஃபை கருவியை எண்ணிப் பாருங்கள். அப்போதும் வைஃபை அலையைத் தரும் உங்கள் அக்சஸ் பாயின்ட்டுகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாறுவதற்கான 802.11ஆர் வசதி கொண்டவையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: விலைப்பட்டியலில் "கட்டடத்துக்குள் 50 மீட்டர், வெளியில் 300 மீட்டர்" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தின் நீளம் 90 மீட்டர். இரண்டு பேஸ் ஸ்டேஷன் போதும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நடந்து அளந்து பார்க்காமல் சொல்லப்படும் எந்த எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம். 50 மீட்டர் என்பது சாதகமான சூழலுக்கான கணக்கு. கான்கிரீட் சுவர், லிஃப்ட் கூண்டு, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கண்ணாடியில் ஒட்டிய உலோகப் படலம் ஆகிய ஒவ்வொன்றும் அலையின் வலிமையைக் குறைக்கும். தகரக் கூரை போட்ட கிடங்குகளில் வேறொரு தொல்லை உண்டு. அலை உலோகத்தில் பட்டுப் பட்டுத் திரும்புவதால், சிக்னல் வலுவாக இருப்பதாகக் கருவி காட்டினாலும் பேச்சு உடைந்து உடைந்து கேட்கும்.

அளக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிறுவும் வேலையில் மிக அதிகம் புறக்கணிக்கப்படும் பகுதி இதுதான். ஒரு பேஸ் ஸ்டேஷனை உயரமான ஸ்டாண்டில் பொருத்தி, நீங்கள் நிரந்தரமாக வைக்க நினைக்கும் இடத்தில், அதே உயரத்தில் தற்காலிகமாக நிறுத்துங்கள். தொழில்முறை ஹேண்ட்செட்டுகள் பலவற்றில் சிக்னல் வலிமையை எண்ணாகக் காட்டும் அளவீட்டு மெனு இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவரோடு பேசியபடியே, கட்டடம் முழுவதும் நடந்து, தரைப்படத்தில் அந்த எண்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஹேண்ட்செட்டை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றியும் பாருங்கள். இடையில் வரும் நம் உடலே அலையைக் குறைக்கிறது. எண் −70 டிபிஎம்-க்குக் (சிக்னல் வலிமையின் அலகு; −80 என்பது −70-ஐவிடப் பலவீனமானது) கீழே இறங்கும் இடத்தை அந்த பேஸ் ஸ்டேஷனின் எல்லையாகக் கொள்வது என் வழக்கம். அதற்கும் கீழே பேச முடியும்தான்; ஆனால் நடுவே ஒரு சரக்கு வண்டி வந்து நின்றால் பேச்சு போய்விடும். கழிப்பறை, மாடிப்படி, லிஃப்ட் முகப்பு, ஜெனரேட்டர் அறை ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வேலை நேரத்தில், கதவுகள் வழக்கம்போல் மூடியும் சரக்கு அடுக்கியும் இருக்கும்போதே அளக்க வேண்டும்.

பேஸ் ஸ்டேஷனை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நான் பார்வையிட்ட ஒரு நூற்பாலையில், ஸ்விட்ச் இருந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே பேஸ் ஸ்டேஷனையும் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கேபிள் இழுக்கும் வேலை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. பெட்டியைத் திறந்து வைத்தால் பக்கத்துக் கூடம் முழுவதும் கேட்டது. மூடினால் பத்தடி தள்ளி நின்றாலே கரகரத்தது. தாழ்வாரத்துச் சுவரில், தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், ஏர்கண்டிஷனர் குழாய்களுக்கும் இரும்பு உத்தரங்களுக்கும் விலகி மாட்டியதும் அதே கருவி ஒழுங்காக வேலை செய்தது. லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் நல்ல இடத்தைத் தேடிப் போவதற்குத் தடையில்லை.

எத்தனை பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு பேஸ் ஸ்டேஷனில் இருபது, முப்பது ஹேண்ட்செட்டுகளைப் பதிவு செய்ய முடிந்தாலும், ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய அழைப்புகள் பல மாடல்களில் எட்டு, பத்து என்ற அளவில்தான் இருக்கும். துல்லிய ஒலி வசதியை இயக்கினால் ஓர் அழைப்பு இருமடங்கு இடத்தை எடுத்துக்கொள்வதால் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வைத்துத் தூரத்தை நீட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். காவலர் அறை போன்ற ஓரமான ஓரிடத்துக்கு அது போதும். ரிப்பீட்டர் தன் பங்குக்குக் காலத்துண்டுகளை எடுத்துக்கொள்வதால், ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்துக்குத் தனி பேஸ் ஸ்டேஷனே நல்லது.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் பழைய கட்டடம், புதிய கட்டடம் என இரண்டு உண்டு. மொத்தம் ஆறு பேஸ் ஸ்டேஷன்கள். வார்டுக்குள் தெளிவாகக் கேட்கிறது. செவிலியர் பேசிக்கொண்டே ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குப் போனால் அழைப்பு துண்டிக்கப்படுகிறது. புதிய கட்டடத்தில் சேர்ந்ததும் மறுபடி அழைத்தால் உடனே கிடைக்கிறது. என்ன காரணம்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. அழைப்பு இல்லாத நேரத்தில் ஹேண்ட்செட் புதிய கட்டடத்து பேஸ் ஸ்டேஷனைப் பிடித்துக்கொள்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும் மாற முடியவில்லை. ஆகவே பதிவும் எக்ஸ்டென்ஷனும் சரியாகவே இருக்கின்றன. இரண்டு கட்டடங்களின் பேஸ் ஸ்டேஷன்களுக்கு இடையே கால ஒத்திசைவு இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது வழியில் சிக்னல் இல்லாத இடைவெளி இருக்க வேண்டும்.

டெக்ட் முறையில் எந்த பேஸ் ஸ்டேஷனுக்கு மாறுவது என்று முடிவெடுப்பது ஹேண்ட்செட்தான். இப்போதைய சிக்னல் தளர்வதை உணர்ந்ததும், அழைப்பை விடாமலே, அக்கம்பக்கத்துப் பேஸ் ஸ்டேஷன்களில் வலுவானதைத் தேர்ந்து அங்கே ஒரு ஜோடிக் காலத்துண்டைப் பிடிக்கிறது. இது தடங்கலின்றி நடக்க வேண்டுமானால் எல்லாப் பேஸ் ஸ்டேஷன்களின் 10 மில்லிவிநாடிச் சுற்றும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும். சில மைக்ரோவிநாடிகள் விலகினாலும் மாற்றம் தோற்றுப்போகும்.

இந்த ஒத்திசைவுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வான்வழி ஒத்திசைவு. ஒரு பேஸ் ஸ்டேஷனை மூலமாக வைத்து, அடுத்தது அதன் அலையைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்; அதைக் கேட்டு அதற்கடுத்தது. ஆகவே ஹேண்ட்செட்டுக்குச் சிக்னல் கிடைத்தால் மட்டும் போதாது. பேஸ் ஸ்டேஷன்களும் ஒன்றையொன்று, ஏறத்தாழ −75 டிபிஎம்-க்குக் குறையாத வலிமையில், கேட்க வேண்டும். எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடோ லிஃப்ட் கூண்டோ இடையில் இருந்தால் அந்தக் கண்ணி அறுந்துவிடும். நடுவில் உள்ள ஒரு பேஸ் ஸ்டேஷனுக்கு மின்சாரம் போனால் அதன் பின்னால் உள்ளவை எல்லாம் ஒத்திசைவை இழக்கும். மூலக் கருவியை வளாகத்தின் ஒரு கோடியில் வைக்காமல் நடுவில் வைத்து, கண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது இதனால்தான் அவசியம்.

இரண்டாவது, லேன் வழி ஒத்திசைவு. ஐ.இ.இ.இ. 1588 என்ற துல்லிய நேர நெறிமுறையைக் கொண்டு கேபிள் வழியாகவே நேரம் பகிரப்படுகிறது. கட்டடங்களுக்கு இடையே உங்களுக்கு ஃபைபர் இணைப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் இடத்துக்கு இதுவே பொருத்தமானது. ஆனால் இதில் ஸ்விட்சுகளின் ஒழுக்கம் முக்கியம். பேஸ் ஸ்டேஷன்கள் அனைத்தும் ஒரே வி-லேனில், அதாவது ஸ்விட்சுகளுக்குள் பிரித்து வைத்த ஒரே தனி வலையமைப்பில், இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் பல கருவிகளுக்குப் போகும் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகள் (தரவுத் துணுக்குகள்) எங்கும் தடைபடக் கூடாது. ஸ்விட்ச் போர்ட்டுகளில் உள்ள மின்சிக்கன வசதி பாக்கெட்டுகளின் தாமதத்தை ஏற்ற இறக்கமாக்கும் என்பதால் அதை அணைத்துவிடுவது நல்லது. வழியில் மேசைக்கடியில் யாராவது வாங்கிச் செருகிய மலிவான சிறு ஸ்விட்ச் ஒன்று இருந்தாலே போதும், ஒத்திசைவு தள்ளாடத் தொடங்கும்.

முதலில் பேஸ் ஸ்டேஷன் மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, ஆறும் ஒத்திசைந்த நிலையில் உள்ளனவா என்று பாருங்கள். ஆறும் சரியாக இருந்தும் அழைப்பு அறுந்தால், கட்டடங்களுக்கு இடையிலான நடைபாதையை அளவீட்டு மெனுவோடு நடந்து பாருங்கள். மாறும் இடத்தில் இரண்டு பேஸ் ஸ்டேஷன்களின் சிக்னலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். நடப்பவர் சில விநாடிகளாவது அந்தப் பொது எல்லைக்குள் இருந்தால்தான் ஹேண்ட்செட்டுக்கு மாற நேரம் கிடைக்கும். வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் செல்லும் செவிலியருக்கு அந்த நேரம் இன்னும் குறைவு. மருத்துவமனையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், நடைபாதைக்கென்று ஏழாவதாக ஒரு பேஸ் ஸ்டேஷனை மழை படாத உறையில் வைப்பதற்கு நிர்வாகம் தயங்கக் கூடாது.

கேள்வி: ஹேண்ட்செட்டில் அழைப்பு வருகிறது, எடுத்தால் பேச முடிகிறது, சரியாக அரை நிமிடத்தில் தானாகவே துண்டிக்கப்படுகிறது. வேறு சில அழைப்புகளில் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. ஹேண்ட்செட்டை மாற்றிக் கொடுத்தும் பயனில்லை.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஹேண்ட்செட்டின் மேல் குற்றமே இல்லை. உங்கள் தொலைபேசி அமைப்பு இணையத்தின் வேறொரு பக்கத்தில், அதாவது கிளவுடில் இருக்க வேண்டும். சிக்கல் இடையிலுள்ள ரவுட்டரில் இருக்கிறது.

அழைப்பை ஒருவர் எடுத்ததும் எடுத்த பக்கத்திலிருந்து "எடுத்துவிட்டேன்" என்ற செய்தி போகும். அழைத்த பக்கம் அதற்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒப்புகை வராவிட்டால் எடுத்த பக்கம் தன் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். எஸ்.ஐ.பி. நெறிமுறைப்படி அந்தக் காத்திருப்பின் எல்லை வழக்கமாக 32 விநாடிகள். அதன்பின் அழைப்பு முடிக்கப்படுகிறது. நீங்கள் சொல்லும் அரை நிமிடம் அதுதான். ஒப்புகை ஏன் வரவில்லை? செய்திக்குள் பேஸ் ஸ்டேஷன் தன் முகவரியாக 192.168 என்று தொடங்கும் உள்முகவரியை எழுதியிருக்கும், அல்லது ரவுட்டர் அதைத் தவறாகத் திருத்தியிருக்கும். வெளியே உள்ள சர்வர் அந்த முகவரிக்கு அனுப்பும் எதுவும் உங்களை வந்தடையாது. ஒருபக்கம் மட்டும் கேட்பதற்கும் இதே முகவரிக் குழப்பம்தான் பெரும்பாலும் காரணம். பேச்சைச் சுமக்கும் பாக்கெட்டுகள் எங்கே வர வேண்டும் என்பதும் அதே செய்திக்குள்தான் எழுதப்படுகிறது.

ரவுட்டரின் அமைப்புகளில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருக்கும். உதவி செய்வதற்காக வைக்கப்பட்ட இந்த வசதி, செய்திகளுக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்துகிறது. பல ரவுட்டர்களில் அது உபத்திரவமாகவே முடிகிறது. அதை அணைத்துவிட்டு, ரவுட்டரையும் பேஸ் ஸ்டேஷனையும் ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். பேஸ் ஸ்டேஷனில் நாட் (உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் ஏற்பாடு) தொடர்பான பகுதியில், இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் செய்தியை முப்பது விநாடிக்கு ஒருமுறை அனுப்பும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் ஃபயர்வால் அந்த வழியை மூடிவிட, வெளியிலிருந்து வரும் அழைப்புகள் ஒலிக்காமலே போகும்.

பேச்சு உடைவதற்கும் வேகக் குறைவுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. ஜி.711 என்ற வழக்கமான முறையில் ஓர் அழைப்பு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். எட்டு அழைப்புகள் சேர்ந்தாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. சிசிடிவி கேமராக்களின் பதிவோ கணக்குக் கோப்புகளின் பேக்கப்போ வெளியே போகும் பாதையை அடைத்து நிற்கும்போதுதான் பேச்சு தடுமாறுகிறது. பேஸ் ஸ்டேஷன்கள் இருக்கும் ஸ்விட்ச் போர்ட்டுகளைத் தனி வி-லேனில் வைத்து, பேச்சு பாக்கெட்டுகளுக்கு டி.எஸ்.சி.பி. 46 என்ற முன்னுரிமை அடையாளத்தை இட்டு, ரவுட்டரின் அப்லோட் பக்கத்தில் அந்த அடையாளத்துக்கு முதலிடம் கொடுங்கள். பேஸ் ஸ்டேஷனின் ஐ.பி. முகவரி மாறாமல் இருக்கும்படி ரவுட்டரிலேயே அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கியும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) நன்றாகவே ஓடுகிறது. நாற்பது மேசைத் தொலைபேசிகள் அதில் உள்ளன. பத்து கார்ட்லெஸ் வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டியதில்லை. இடையில், பழைய தொலைபேசி இணைப்பை ஐ.பி. இணைப்பாக மாற்றித் தரும் கேட்வே ஒன்றை வைத்தால் போதும். இ.பி.ஏ.பி.எக்ஸின் எக்ஸ்டென்ஷன் போர்ட் டயல்டோன் கொடுக்கும் பக்கம். கேட்வேயில் அதை வாங்கிக்கொள்ளும் பக்கமான எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட்டுகள் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று வருந்துவோர் பலர். கேட்வேக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு சிறிய ஐ.பி. தொலைபேசி அமைப்பு இயங்கும். ஆஸ்டரிஸ்க் போன்ற கட்டற்ற மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவியே இதைச் செய்யலாம். நான்கு போர்ட் கேட்வே என்றால், இரண்டு அமைப்புகளுக்கும் இடையே ஒரே நேரத்தில் நான்கு அழைப்புகள்தான் நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கார்ட்லெஸ்ஸிலிருந்து கார்ட்லெஸ்ஸுக்குப் போகும் அழைப்புகள் இந்த நான்கில் சேராமல், பேஸ் ஸ்டேஷன் தாங்கும் அளவுவரை தனியே நடக்கும்.

வெளி லேண்ட்லைனையும் இப்படி இணைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மறுமுனையில் இருப்பவர் வைத்த பிறகும் லைன் விடுபடாமல் பிஸியாகவே கிடக்கும் கோளாறு அடிக்கடி வருகிறது. வேறு நாட்டுக்கான டோன் அமைப்போடு கேட்வே விற்பனைக்கு வருவதே இதற்குக் காரணம். இந்தியாவின் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸில், முக்கால் விநாடி ஒலித்து முக்கால் விநாடி ஓயும். கேட்வேயில் நாட்டை இந்தியா என்று மாற்றினாலோ இந்த எண்களை நேரடியாகக் கொடுத்தாலோ லைன் உடனே விடுபடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருக்கும் என் மகன் அங்கே டெக்ட் 6.0 கார்ட்லெஸ் மலிவாகக் கிடைக்கிறது என்கிறான். வரும்போது எங்கள் அலுவலகத்துக்கு வாங்கி வரச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். அமெரிக்க டெக்ட் 6.0 கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. இந்தியாவில் அந்த இடம் 2100 மெகாஹெர்ட்ஸ் செல்போன் சேவையில், போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் அலைகளுக்கு உரியது. உங்கள் கருவி அக்கம்பக்கத்தில் உள்ளவர்களின் செல்போன் சேவையைக் கெடுக்கக்கூடும். 6.0 என்பதைக் கண்டு ஆறாம் தலைமுறை என்றும் எண்ண வேண்டாம். அது அங்கே இட்ட வணிகப் பெயர். இங்கே வாங்கும்போதும், அந்த மாடலுக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவின் கருவி வகை ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு, சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்ட்லெஸ் பேச்சை வெளியே நின்று ஒட்டுக்கேட்க முடியும் என்கிறார்களே? பள்ளியில் வைப்பதால் கதிர்வீச்சு பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: முதல் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், மலிவான கணினி அட்டை ஒன்றைக் கொண்டே டெக்ட் அழைப்புகளைக் கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்போது சந்தையில் இருந்த பல கருவிகள் பேச்சை மறையாக்கம் செய்யாமலேயே அனுப்பின. 2010-இல் பழைய 64 பிட் மறையாக்கத்தின் பலவீனங்களும் வெளியாயின. அதன்பிறகு தரம் இறுக்கப்பட்டது. அழைப்பின் நடுவிலேயே சாவியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும், 128 பிட் ஏ.இ.எஸ். அடிப்படையிலான புதிய முறையும் சேர்க்கப்பட்டன. ஆகவே பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்காமல், டெக்ட் பாதுகாப்புச் சான்று பெற்ற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் அலுவலகங்களில் உண்மையில் பணம் பறிபோகும் வழி வேறு. பேஸ் ஸ்டேஷனின் மேலாண்மைப் பக்கத்தில் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லும், ஹேண்ட்செட்டைப் பதிவு செய்ய 0000 என்ற பின் எண்ணும் அப்படியே விடப்பட்டிருக்கும். எக்ஸ்டென்ஷன் 201-க்குக் கடவுச்சொல்லும் 201 என்றே வைத்திருப்பார்கள். இணையத்துக்குத் திறந்திருக்கும் அத்தகைய அமைப்பைத் தேடிப் பிடித்து, இரவோடு இரவாக வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு விட்டுப் பெரும் தொகையைக் கட்டணமாக ஏற்றிவிடும் கும்பல்கள் இருக்கின்றன. நிறுவிய அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், ஹேண்ட்செட்டுகளைச் சேர்த்து முடித்ததும் பதிவு நிலையை மூடுங்கள், ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் சேவை நிறுவனத்திடமே சொல்லித் தடை செய்துவிடுங்கள்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, ஐரோப்பியத் தரத்தின்படி டெக்ட் கருவியின் உச்ச ஆற்றல் 250 மில்லிவாட். பேசும்போது ஹேண்ட்செட் 24-இல் ஒரு காலத்துண்டில் மட்டுமே அலையை அனுப்புவதால் சராசரி சுமார் 10 மில்லிவாட்தான் வரும். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி செல்போனின் உச்ச ஆற்றல் 2 வாட் வரை போகும். பெற்றோரிடம் இந்த எண்களையே எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி: ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிராமத்தில் வீட்டுக் கூரைமேல் சிறிய ஆன்டெனா வைத்து, கம்பியில்லாமல் தொலைபேசி கொடுத்தார்கள். அதுவும் டெக்ட்தான் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: அது கார்டெக்ட் முறையாக இருக்கக்கூடும், அப்படியானால் அவர் சொன்னது உண்மைதான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் சென்னையிலுள்ள மிடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய அமைப்பு அது. ஒரு கட்டடத்துக்குள் பேசுவதற்காக வகுக்கப்பட்ட டெக்ட் தரத்தை எடுத்து, உயரமான கோபுரத்தையும் கூரைமேல் வைக்கும் திசை ஆன்டெனாவையும் கொண்டு, தடையில்லாத நேர்பார்வையில் 10 கிலோமீட்டர் வரைக்கும், இடைநிலையம் வைத்து 25 கிலோமீட்டர் வரைக்கும் நீட்டினார்கள். பேச்சோடு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் அதில் கிடைத்தது. தாமிரக் கம்பி இழுத்துக் கட்டுப்படியாகாத ஊர்களுக்குக் குறைந்த செலவில் தொலைபேசி கொண்டுசேர்க்க வேண்டும் என்று எண்ணி, உலகத் தரம் ஒன்றை நம் ஊர்த் தேவைக்கு வளைத்த அந்தப் பொறியாளர்களின் பணி இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

கேள்வி: மின்தடை ஏற்பட்டால் இந்தத் தொலைபேசிகள் இயங்குமா? ஹேண்ட்செட் பேட்டரி எவ்வளவு காலம் வரும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஹேண்ட்செட்டில் பேட்டரி இருப்பதால் தொலைபேசி இயங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பேஸ் ஸ்டேஷன், அதற்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம், தொலைபேசி அமைப்பு ஆகிய ஐந்துக்கும் யு.பி.எஸ். இருந்தால்தான் இயங்கும். மோடத்தையும் ரவுட்டரையும் யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டு மாடியில் இருக்கும் ஸ்விட்சை மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. கேபிள் வழியாக மின்சாரம் தரும் 802.3ஏஎஃப் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை ஒதுக்கக்கூடியது. பேஸ் ஸ்டேஷன் அதில் சிறு பங்கையே எடுக்கும் என்பதால் நடுத்தர யு.பி.எஸ். ஒன்றே நெடுநேரம் தாங்கும். எல்லாம் நின்றுபோகும் நேரத்தில் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க, காவலர் அறையில் இவற்றைச் சாராத ஒரு தொலைபேசியோ செல்போனோ இருக்கட்டும்.

பல ஹேண்ட்செட்டுகளில் ரிமோட்டுக்குப் போடும் அளவிலான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இருக்கும். இவை மின்னேற்றக்கூடியவை. அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் செல்லைப் போட்டுச் சார்ஜரில் வைத்தால் செல் கசிந்து ஹேண்ட்செட் பாழாகும். தினமும் பயன்படும் ஹேண்ட்செட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளில் செல்லை மாற்ற வேண்டி வரும். ஷிஃப்ட் முடியும் முன்பே பேட்டரி தீர்கிறது என்று புகார் வந்தால், புது ஹேண்ட்செட்டுக்கு ஆர்டர் போடுவதற்கு முன் செல்லை மாற்றிப் பாருங்கள். லித்தியம் பேட்டரி உள்ள மாடல் என்றால் அதே நிறுவனத்தின் மாற்று பேட்டரியையே வாங்கிப் போடுங்கள்.